பாகற்காய்ப் பெரட்டு

காய்கறியின் குணம் அதைத் தின்றவருடைய உடம்பில்தான் சேரும் என்பது உலகத்தின் மிகப் பழைய நம்பிக்கைகளில் ஒன்று. வைத்தியர்கள் இதை நம்புகிறார்கள். சமைக்கிறவர்கள் நம்புகிறார்கள். பசுமாடுகளும் நம்புவதாகவே தெரிகிறது. இது முழுக்கத் தவறு என்று கண்டுபிடித்தவர், நமுனுகுல மலைச்சரிவிலிருக்கும் ஒரு தேயிலைத் தோட்டத்தின் பெரிய கங்காணி நல்லையா. பதுளைக்கு ரயில் வந்த மறு வருஷம், ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், தோட்டத்து ஆஸ்பத்திரி விறாந்தையில் உட்கார்ந்து அவர் இந்த உண்மையை ஜவுளி வியாபாரி ஜுனைதீனுக்கு விளக்கிக்கொண்டிருந்தார். தோட்டத்தில் எல்லாரும் அண்ணன் என்ற பொருளில் ‘நானா’ என்று கூப்பிடும் ஜுனைதீனுக்குக் கடைவாய்ப் பல் வீங்கிப்போயிருந்தது. தாடையைச் சுற்றித் துண்டைக் கட்டி உச்சந்தலையில் முடிச்சுப் போட்டிருந்தார். வாயைத் திறக்க முடியாது. பல்லைப் பிடுங்க வேண்டிய டாக்டர், தொழிலாளர் குடியிருக்கும் லயங்களில் காய்ச்சல்காரர்களைப் பார்க்கப் போனவர், இன்னும் திரும்பவில்லை.

“…அதைத்தான் நானும் கேக்குறேன், நானா! தின்னவனுக்குத்தான் சேரும்னா அப்புறம் கங்காணின்னு ஒருத்தன் எதுக்கு? சொல்லுங்க. நாலாம் நம்பர் மலையில தேயிலய யாரு கவ்வாத்து வெட்டுனது? தொரையக் கேளுங்க, ‘நல்லையா வெட்டினான்’பாரு. கணக்கப்புள்ளயக் கேளுங்க, ‘நல்லையா கங்காணி வெட்டினாரு’ம்பாரு. இந்தக் கையப் பாருங்க. நல்லாப் பாருங்க. கவ்வாத்துக் கத்திக்கு எந்தப் பக்கம் கூருன்னு கூட இந்தக் கைக்குத் தெரியாது. வெட்டுனது என் ஆளுங்க, பேரு எனக்கு. ஆள் வேல செஞ்சா கங்காணிக்குச் சேரும். தோட்டம் உண்டான நாள்லருந்து அப்படித்தான். கவ்வாத்து சேருதா இல்லையா? கொழுந்து சேருதா இல்லையா? அப்ப பாகற்காய் மட்டும் எப்படிச் சேராமப் போகும்? பாகற்காய்க்கு மட்டும் தனிச் சட்டமா?”

ஜுனைதீன் முனகினார். நல்லையா அதை ஆமோதிப்பாக எடுத்துக்கொண்டு, இடுப்பிலிருந்த வெற்றிலைப் பையை அவிழ்த்து மடியில் வைத்தார். பையிலிருந்து வெற்றிலை வாசனையோடு வேறொரு வாசனையும் வந்தது.

“நல்லா இருந்த மனுசன் நானா நான். காலையில ஆள் கணக்கெடுக்குற பெரட்டுக் களத்துல நின்னு ஒரு சத்தம் போட்டா, கீழ லயத்துல அடைகாக்குற கோழி முட்டைய விட்டு எந்திரிச்சு வரும். அப்படித்தான் ஒரு நா விடியக்கால. ஆளுங்க வரிசையா நிக்கிறாங்க, நான் பேர் கூப்புட்டு வேல பிரிக்கிறேன். ‘ராசம்மா!’ன்னேன். சத்தமில்ல. ‘ராசம்மா!’ன்னேன். ம்ஹூம். அடிவயித்துலருந்து இன்னொரு தடவ கூப்புட்டேன் பாருங்க… மலையே சுத்துது. நமுனுகுல உச்சி கீழ வருது, லயம் மேல போகுது. விழுந்துட்டேன். கண்ணு முழிச்சுப் பாத்தா ராசம்மா தலைமாட்டுல நின்னுக்கிட்டு, ‘கூப்புட்டீங்களா கங்காணி?’ங்கிறா! முன்வரிசையிலதான் நின்னுருக்கா, பாவி. காது மந்தம். அறுவது வயசுக் கெழவி, அவ பேரக் கூப்புட்டு எனக்குச் சீக்கு!

“கம்பளியில போட்டுத் தூக்கிட்டு இங்கதான் வந்தாங்க. இந்த டாக்டரய்யா புதுசா ஒரு பெட்டி வச்சிருக்காரே, பாத்திருக்கீங்களா? கொழும்புலருந்து ரயில்ல வந்துச்சு. மனுசன் ஏற எடமில்லாத ரயில்ல பெட்டி வந்துச்சு, பாருங்களேன். கையில ஒரு துணிப்பட்டையச் சுத்துறாரு. ரப்பர் உருண்டைய நசுக்குறாரு, புசு புசு புசுன்னு. கண்ணாடிக் கொழாய்க்குள்ள பாதரசம் ஏறுது. ஏறுது… ஏறுது… டாக்டரய்யா மூஞ்சி எறங்குது. ‘நல்லையா, உமக்கு ரத்தக் கொதிப்பு’ங்கிறாரு. யாழ்ப்பாணத்து மனுசரு, மரியாதையாத்தான் சொன்னாரு. ‘உப்பைக் குறைச்சுக்கொள்ளும். கருவாடு, ஊறுகாய் தொடக்கூடாது. பாகற்காய், வாழைத்தண்டு, வல்லாரை, முருங்கைக்கீரை எண்டு நிறையச் சாப்பிட வேணும். குறையேல்ல எண்டால் நீர் பெரட்டில நிண்டு கத்தக்கூடாது, மலை ஏறக்கூடாது. வேற ஆளிட்டப் பெரட்டைக் குடுக்கச் சொல்லித் துரைக்குச் சொல்லிப்போடுவன்’னாரு.

“வேற ஆள்னா யாரு? உங்களுக்குத் தெரியாதா? எம் மச்சினன் இராசையாதான். எனக்குக் கீழ சில்லறைக் கங்காணியா நிக்கிறானே, எம் பொண்டாட்டி இராக்கம்மாவோட தம்பி. நான் கூட்டிட்டு வந்து, நான் மீச வைக்கச் சொல்லிக் குடுத்து, நான் சத்தம் போடச் சொல்லிக் குடுத்த பய. அவன் நின்னு பேர் கூப்புடுவானாம், நான் வீட்டுல உக்காந்து கேப்பேனாம். பெரட்டு இல்லாத கங்காணின்னா என்ன தெரியுமா நானா? மீச வச்ச ஒரு ஆளு. அவ்வளவுதான்.”

இதைச் சொல்லும்போது மட்டும் நல்லையாவின் குரல் இறங்கியது. அவர் உடனே தொண்டையைச் செருமி அதை மேலே ஏற்றினார்.

“விடுவேனா? மறுநாளே கம்பூன்றிக்கிட்டுப் பெரட்டுல நின்னேன். ‘டேய், கொழுந்து, கவ்வாத்து, தண்ணிக் கான் வெட்டு… இன்னையிலருந்து அதோட பாகற்காயும் ஒரு வேல’ன்னேன். ஆளுங்களப் பிரிச்சேன். வாலிபப் பயலுக எல்லாம் பாகற்காய்க்கு. கொழுந்து எடுக்குற பொம்பளைங்க முருங்கைக் கீரைக்கு. கிள்ளிப் பழகுன கை, சீக்கிரமா ஆய்ஞ்சுருவாங்க. பல்லு உள்ளவன் வாழைத்தண்டுக்கு. நீங்க எங்க தோட்டத்து ஆளா இருந்தா, இந்தப் பல்ல வச்சுக்கிட்டு உங்களுக்கு வாழைத்தண்டு குடுத்திருக்க மாட்டேன், நானா. மனுசனப் பாத்துத்தானே வேல குடுக்கணும். கெழடுகட்டைங்க வல்லாரைக்கு. தண்ணிக் கானோரமே மொளச்சுக் கெடக்கு, குனிஞ்சு புடுங்கித் தின்னாப் போதும்.

“மேப்பாக்குறது யாரு? இராசையா. காய்ச்சல் காலத்துல கொயினா மாத்திர குடுக்கும்போது வாயத் தொறக்கச் சொல்லி நாக்குக்கு அடியில பாப்பாங்கல்ல? அதே மாதிரி. வரிசையா நிக்க வேண்டியது, சட்டியிலருந்து வாங்கித் திங்க வேண்டியது, ‘ஆ காட்டு.’ முழுங்குனியா? போ மலைக்கு. மீதி வச்சியா? அரைப் பேரு! முழு வேல செஞ்சா ஒரு பேரு, முழுச் சம்பளம்; பாதியில விட்டா அரைப் பேரு, பாதிச் சம்பளம், அதுதானே தோட்டத்துச் சட்டம். நான் புதுசா ஒண்ணும் உண்டாக்கல.

“என்ன சிரிக்கிறீங்க? …சிரிக்கலையா? வலியா? ஆமா ஆமா, பல்வலின்னா மூஞ்சி அப்படித்தான் கோணும். கிராம்பு வச்சுப் பாத்தீங்களா? வச்சும் கேக்கலையா? எங்கிட்ட மொதல்லயே சொல்லியிருந்தா, யாரையாவது வைக்கச் சொல்லியிருப்பேன்.”

ஜுனைதீன் கண்ணை மூடி, தலையைச் சுவரில் சாய்த்தார்.

“சாஞ்சுக்குங்க, சாஞ்சுக்குங்க. அந்தப் பயலுக சும்மா இருந்தானுகளா? ஒரு வாரம் தாண்டல, பாகற்காய்க்காரனுக எல்லாம் ஒண்ணாச் சேந்து வந்து நிக்கிறானுக. ‘கங்காணி, வாழைத்தண்டு லேசான வேல, எங்களையும் மாத்தி விடுங்க’ங்கிறான் ஒருத்தன். ‘எனக்குப் பூசணிக்காய் குடுங்க’ங்கிறான் இன்னொருத்தன். டாக்டரய்யா பூசணிக்காய்னு வாயே தொறக்கல! சொல்லாத வேலய நான் எப்படிக் குடுக்குறது? ஒருத்தன் காய்ச்சல்னு படுத்துட்டான். நேர்ல போய்க் கம்பளிய விலக்கிப் பாத்தா, உள்ள உக்காந்து வெறுஞ்சோறு தின்னுக்கிட்டு இருக்கான். பாகற்காய்க் கள்ளன்! கொழுந்துக்கு ஒளியிறவனப் பாத்திருக்கேன், முள்ளால மண்ணக் குத்துற வேலைக்கு ஒளியிறவனப் பாத்திருக்கேன், காய்கறிக்கு ஒளியிறவன அன்னைக்குத்தான் பாத்தேன்.

“ராசம்மா கதையக் கேளுங்க. வல்லாரை தின்னா ஞாபகம் நல்லா வரும்னு எனக்கு எவனும் முன்னாடி சொல்லல. அவ கொஞ்ச நாளா தின்னுட்டு, ஒரு நா பெரட்டுல நின்னுக்கிட்டு, ‘கங்காணி, மண்டபத்துல கப்பல் ஏறுறப்ப எனக்கு நல்ல தடிச்ச கம்பளியா தர்றேன்னு சொன்னீங்களே, அது எங்க?’ங்கிறா! எப்ப சொன்னது அது? ‘அடியே, அது என் மீச கறுப்பா இருந்த காலம்’ன்னேன். ‘அப்ப உங்களுக்கு ஏது மீச, கரியாலதானே போட்டிருந்தீங்க’ங்கிறா. அத்தன ஆளுங்க முன்னால! பாகற்காய் தின்னுக்கிட்டு இருந்த பயலுக எல்லாம் சிரிக்கிறானுக நானா, கசப்பே தெரியல அவனுகளுக்கு. அன்னைக்கே அவள முருங்கைக்கு மாத்திட்டேன். மாத்தி என்ன செய்ய? வந்த ஞாபகம் திரும்பிப் போகவா போகுது?

“ஞாபகம்னதும் ஞாபகம் வருது. போன தீவாளிக்கு நீங்க இராக்கம்மாவுக்குக் குடுத்த சேல சாயம் போயிடுச்சு. நான் கேக்கல. உடம்பு முடியாத மனுசருகிட்ட அதப் போய்க் கேப்பாங்களா? சும்மா சொன்னேன். செவப்புச் சேல. இப்ப ரோஸு.

“இந்த இராக்கம்மா இருக்காளே… அவளுக்குத்தான் இந்த விசயம் மண்டையில ஏறவே மாட்டேங்குது. வீட்டுப் பின்னால கொடி போட்டு, காய்க்கிற பாகற்காய உப்பில்லாமப் பெரட்டி என் தட்டுல கொண்டாந்து வைக்கிறா. ‘ஏங்க, நீங்களும் ஒரு வாய் தின்னா என்ன?’ ‘ஏன்டி, நான் மம்பட்டி புடிச்சு நீ பாத்திருக்கியா? கூடையத் தூக்கிப் பாத்திருக்கியா? ஒரு பெரிய கங்காணி ஒக்காந்து பாகற்காய் திங்கிறான்னு லயத்துல தெரிஞ்சா நாளைக்கு எவன் மதிப்பான்?’ ‘மதிப்பு இருக்கட்டுங்க, மனுசன் இருக்க வேணாமா?’ங்கிறா. கண்ணு வேற கலங்குது. எல்லாம் தம்பிக்காகத்தான். நான் பாகற்காய் தின்னா ஆளோட ஆளா ஆயிடுவேன், அவன் கங்காணி ஆயிடுவான். அந்தக் கணக்கு எனக்குத் தெரியாதா? தட்டுல இருந்தத நாய்க்கு வச்சேன். அது மோந்து பாத்துட்டு அடுத்த லயத்துக்குக் குடிபோயிடுச்சு. நன்றி கெட்டது.

“அப்புறம் தொரை. லயத்துக் கூர முழுக்கப் பாகற்கொடி படந்து தகரமே தெரியல. தொரை குதிரையில வந்தவரு நின்னு பாத்தாரு. ‘நல்லையா, என்னா இது?’ ‘என்னோட மருந்துங்க, தொரைகளே.’ ஒரு தடவ கூரையப் பாத்தாரு, ஒரு தடவ என்னப் பாத்தாரு. ‘இவ்வளவுமா?’ ‘ஆமாங்க தொரைகளே, சீக்கு பெரிசு.’ குதிரையத் தட்டிட்டுப் போயிட்டாரு. நல்ல மனுசரு. அனாவசியமா ஒரு வார்த்த பேச மாட்டாரு. பேசாம இருக்கிறவங்கள எனக்கு ரொம்பப் புடிக்கும் நானா, உங்களைப் போல.”

ஜுனைதீன் ஒரு கண்ணைத் திறந்து, டாக்டர் வருகிற வழியைப் பார்த்தார். வழியில் மூடுபனிதான் வந்துகொண்டிருந்தது.

“வருவாரு, வருவாரு. எனக்கும் அவரத்தான் பாக்கணும். …எங்க விட்டேன்? ஆங். ஆளுங்க எல்லாம் ஆட்டுக்குட்டி மாதிரி ஆயிட்டாங்க நானா! முன்னெல்லாம் பாதி ஏத்தத்துல குந்திக்கிட்டு மூச்சு வாங்குன கெழவனுக, இப்ப பாட்டுப் பாடிக்கிட்டு ஏறுறானுக. கொழுந்து கூடிக்கிட்டே போகுது. சரி, இவனுகளுக்கே இப்படின்னா எனக்கு எப்படி இருக்கும்னு போன தடவ வந்து கைய நீட்டுனேன். புசு புசு புசு… பாதரசம் முன்னவிட மேல! டாக்டரய்யா கேக்குறாரு, ‘காய்கறி சாப்பிட்டீரோ?’ ‘சாப்பிட்டோங்க’ன்னேன். பொய்யில்ல நானா. சாப்பிட்டோம். ‘ஒவ்வொரு நாளும்?’ ‘ஒவ்வொரு நாளும் பெரட்டுல நின்னே சாப்பிட்டோங்க.’ மனுசன் தலையச் சொறிஞ்சாரு. ‘பின்ன ஏன் குறையேல்ல? இன்னும் கூடுதலாச் சாப்பிடும். வாற முறையும் குறையாட்டித் துரைக்குச் சொல்லுறதைத் தவிர எனக்கு வேற வழியில்லை’ன்னுட்டாரு. கூட்டிட்டேன். பூனாகலையிலருந்து கல்யாணத்துக்கு வந்த விருந்தாளிங்களக் கூடப் பாகற்காய்க்கு எடுத்தேன். மாப்பிள்ளையும் ‘ஆ’ காட்டிட்டுத்தான் தாலி கட்டுனான். வாற முறைன்னு சொன்னாருல்ல? அது இன்னைக்குத்தான் நானா. இன்னைக்குப் பாதரசம் எறங்கலேன்னா நாளைக்குப் பெரட்டு என்னுது இல்ல.

“யோசிச்சேன். ராவும் பகலும் யோசிச்சேன். எங்கயோ ஒழுகுது. இத்தன பேரு திங்கிறாங்க, குணம் கெளம்புது, எங்கிட்ட வந்து சேரல. மொதல்ல தண்ணித் தொட்டிக்குப் பின்னால போய்த் துப்புன ஒருத்தனப் புடிச்சேன். அவனத் திருத்தியாச்சு. அப்பவும் குறையல. அப்பத்தான் ஒரு நா இந்த இராசையா மலையேறுறதப் பாத்தேன். காத்து மாதிரி ஏறுறான்! என்னடா சங்கதின்னு விசாரிச்சா, வெந்துருச்சா வேகலையான்னு பாக்குறேன்னு ஒவ்வொரு சட்டியிலயும் ஒவ்வொரு வாய் தின்னுருக்கான். டாக்டரய்யா லயத்துக்கு வந்தப்ப வெளையாட்டா அவன் கையிலயும் பட்டையச் சுத்திப் பாத்துட்டு, ‘பச்சைப்பிள்ளை ரத்தம்’ன்னாராம்.

“பளிச்சுன்னு வெளங்கிடுச்சு எனக்கு. ஆளுங்களுக்கு மேல யாரு? சில்லறைக் கங்காணி. அவனுக்கு மேலதான் பெரிய கங்காணி. ஆளுங்க தின்னது எங்கிட்ட வரணும்னா அவன் வழியாத்தானே வரணும்? நடுவுல நின்னு அம்புட்டையும் அவனே புடிச்சுக்கிறான்! பதுளையிலருந்து அரிசி வண்டி வந்தா வழியில மூட்ட எளைச்சுப் போகுதா இல்லையா? அது மாதிரிதான். எம் பாகற்காய், எம் முருங்கைக்கீர, எம் வல்லார… அவன் ரத்தம் பச்சப்புள்ள ரத்தம்!

“அதனாலதான் இன்னைக்கு… அந்தா, அந்த மரத்தடியப் பாருங்க.”

ஜுனைதீன் பார்த்தார். ஆஸ்பத்திரி வாசலில் நின்ற சவுக்கு மரத்தடியில், கொழுந்துக் கூடைகளோடு ஒரு பெரட்டே உட்கார்ந்திருந்தது. ஆண்கள் நடுவில் சட்டிகளை வைத்துக்கொண்டு, முகத்தைச் சுளித்தபடி மென்றுகொண்டிருந்தார்கள். ராசம்மா எல்லாருக்கும் கீரை பரிமாறினாள்.

“இராசையாகிட்ட மூச்சு விடல. விடியக்கால பேர் கூப்புட்டேன். ‘திரும்பு! ஆஸ்பத்திரிக்கு!’ன்னேன். நேரா இங்க கொண்டாந்து நிறுத்திட்டேன். நடுவுல ஒருத்தனும் கெடையாது. இங்கயே, என் கண்ணு முன்னாலயே தின்னுட்டு இருக்கானுக. சூடு ஆறுறதுக்குள்ள டாக்டரய்யா பட்டையச் சுத்தட்டும், அப்பத் தெரியும். நம்பலேன்னா ஆளுங்க கையில எல்லாம் கட்டிப் பாக்கட்டும். எல்லாத்தையும் ஒண்ணாக் கூட்டி ஆளுக்கு இவ்வளவுன்னு பிரிச்சா, என் ரத்தம் என்னன்னு வந்துட்டுப் போகுது!”

ஜுனைதீன் மெல்லக் கையை உயர்த்தி மலைப்பக்கம் காட்டினார். பிறகு இரண்டு விரலால் காற்றில் கொழுந்து கிள்ளிக் காட்டி, புருவத்தை உயர்த்தினார்.

“கொழுந்தா? யாரு எடுக்குறதா? கொழுந்து நாளைக்கும் மொளைக்கும், நானா. எனக்கு நாளைக்குன்னு ஒண்ணு இருக்கணும்ல? இராசையா இருக்கான் மலையில. நிக்கட்டும் தனியா. ஆளில்லாத சில்லறைக் கங்காணி எப்படி நிக்கிறான்னு தொரையும் வந்து பாக்கட்டுமே. இன்னைக்குத் தொரை நாலாம் நம்பருக்கு வர்ற நாளு, அதுவும் நல்லதுக்குத்தான்… வெத்தல போடுறீங்களா? அடடா, வாயி. மறந்துட்டேன். நான் போட்டுக்குறேன்.”

நல்லையா மடியிலிருந்த பைக்குள் கையை விட்டார். வெற்றிலைக்கு முன்னால் வேறொன்று கையில் வந்தது: பழைய காகிதத்தில் மடித்த, நன்றாகப் பொரித்த கட்டா மீன் கருவாடு. அவர் அதைக் காகிதத்தோடு விறாந்தையில் வைத்துவிட்டு வெற்றிலையைத் தேடினார். ஜுனைதீன் முதுகை நிமிர்த்தினார். கருவாட்டைக் காட்டினார். நல்லையாவைக் காட்டினார். மறுபடியும் கருவாட்டைக் காட்டினார்.

“இதுவா? கருவாடு. வழியில பசிச்சாத் திங்கலாம்னு… என்ன, அப்படிப் பாக்குறீங்க? வேணுமா? ஓ, டாக்டரய்யா கூடாதுன்னாரேன்னா? அவர் பேச்ச மீறுவேனா நான்! அன்னைக்கே பெரட்டுல சொல்லிட்டேனே. ‘இனிமே எந்த லயத்துலயும் கருவாட்டு வாசம் வரப்படாது. வச்சிருக்கிறதெல்லாம் கொண்டாந்து ஒப்படைங்க’ன்னு. குடுத்துட்டாங்க. ஊறுகாய்ச் சாடியெல்லாம் கூட வந்துருச்சு. பாவம், ராசம்மா அவ நெத்திலியக் குடுக்கும்போது அழுதே போயிட்டா. சாக்கு சாக்கா என் வீட்டுல வந்து எறங்குச்சு. பொறவு அத என்ன செய்யச் சொல்றீங்க? மண்ணுல கொட்டவா? அவ்வளவு உப்பு, பாகற்கொடியே பட்டுப்போகும். யாராவது தின்னுதானே தீக்கணும்?

“…யாரா? வேற யாரு? இராக்கம்மா தொட மாட்டேன்னுட்டா. ஆளுங்களுக்குத் தடை. அப்ப நான்தான். காலையில சுட்டு, மத்தியானம் கொழம்பு வச்சு, ராவைக்குப் பொரிச்சு. ஆசைக்கா தின்னேன்? கடமைக்குத் தின்னேன். ஊறுகாயும் அதோட சேத்துத்தான். இல்லாட்டி எறங்காதுல்ல.

“ஆனா அதுல எனக்கு ஒண்ணும் வராது, நானா. நீங்களே யோசிச்சுப் பாருங்க. ஆளுங்க தின்னா எனக்குச் சேரும். அப்ப நான் தின்னா ஆளுங்களுக்குத்தானே சேரணும்? பாதரசம் அவனுகளுக்குத்தானே ஏறணும்? அத நெனச்சுக்கூடக் கொஞ்சம் பாவமா இருந்துச்சு எனக்கு. ஆனா ஏறல. ஒருத்தனுக்கும் ஏறல. பாட்டுப் பாடிக்கிட்டு மலையேறுறானுக. அந்த ஒரு எடம் மட்டும் எனக்கு இடிக்குது…”

நல்லையா நிறுத்தினார். அன்று காலையில் அவர் பேச்சை நிறுத்தியது அதுவே முதல் தடவை. கருவாட்டைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மரத்தடியில் பாகற்காய் தின்னும் ஆட்களைப் பார்த்தார். அவருடைய காதோரத்தில் நரம்பு துடித்தது.

“நானா… ஒருவேள, கருவாடு மட்டும் பழைய சட்டப்படி தின்னவனுக்கே சேருதோ?”

பதிலுக்காக நல்லையா திரும்பிப் பார்த்தார். பக்கத்தில் யாரும் இல்லை. சுவரில் தலை சாய்ந்திருந்த இடத்தில் எண்ணெய்க் கறை மட்டும் இருந்தது. டாக்டர் பின்வாசல் வழியாக எப்போதோ வந்து, ஜுனைதீனைச் சைகையால் உள்ளே கூப்பிட்டிருந்தார். பல் மரத்துப்போகிற மருந்து தீர்ந்துவிட்டது, வியாழக்கிழமை ரயிலில் வரும், அதுவரை விறாந்தையிலேயே உட்கார்ந்திருக்கலாம் என்று அவர் ஜுனைதீனிடம் சொன்னார். விறாந்தை என்ற சொல்லைக் கேட்டதும் ஜுனைதீன் தாமே துண்டை அவிழ்த்து வாயைத் திறந்தார். உள்ளேயிருந்து ஒரு பெரிய சத்தம் வந்தது. அதற்குப் பிறகு, “அடுத்த ஆள்” என்ற டாக்டரின் சின்னச் சத்தம் வந்தது.

நல்லையா கருவாட்டைப் பைக்குள் போட்டு, பையை இடுப்பில் கட்டிக்கொண்டு, மரத்தடியைப் பார்த்து, “வேகமா மெல்லுங்கடா!” என்று உத்தரவு கொடுத்துவிட்டு உள்ளே போனார். டாக்டர் துணிப்பட்டையைச் சுற்றினார். உருண்டையை நசுக்கினார். ஜன்னலுக்கு வெளியே ஒரு பெரட்டே அவருக்காக மென்றது. பாதரசம் போன தடவை நின்ற இடத்தைத் தாண்டிப் போய் நின்றது.

அதே நேரத்தில் நாலாம் நம்பர் மலையடிவாரத்தில் துரை குதிரையை நிறுத்தினார். மலை முழுவதும் கொழுந்து பச்சையாக நின்றது. நடுவில் ஒரே ஒரு ஆள், கொழுந்துக் கூடையை நெற்றியில் மாட்டிக்கொண்டு, மூச்சு வாங்காமல் கொழுந்தெடுத்துக்கொண்டிருந்தான். அது இராசையா.

மறுநாள் விடியற்காலைப் பெரட்டில் இராசையா பேர் கூப்பிட்டான். சத்தம் அவ்வளவாக இல்லை. ராசம்மாவை மட்டும் கிட்டப் போய்த் தொட்டுக் கூப்பிட்டான். கொழுந்துக்கு, கவ்வாத்துக்கு, கான் வெட்டுக்கு என்று ஆட்களைப் பிரித்து அனுப்பினான். கருவாட்டுச் சாக்குகளை லயங்களுக்குத் திருப்பிக் கொடுத்தான். பாகற்காய்க்கு ஒரே ஒரு ஆளை நிறுத்தினான். இராக்கம்மா சட்டியோடு வந்து அந்த ஆளுக்கு முன்னால் நின்றாள். தின்று முடிக்கும்வரை நின்றாள்.

ராசம்மா கிட்டே வந்து எட்டிப் பார்த்து, “ஆ காட்டுங்க, கங்காணி” என்றாள்.

நாக்குக்கு அடியில் ஒரு துண்டு பாக்கி இருந்தது. நல்லையாவுக்கு அன்று அரைப் பேர் விழுந்தது.